சாட்சி இல்லாத போர் இல்லை அது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் நடந்த தொல்லியல் ஆய்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இப்படி ஒரு விஷயத்தைத் தமிழில் விரிவாகக் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் முதல் பத்தியிலேயே ஒரு வரி என்னைத் தடுக்கிவிட்டது. பூர்வகுடிகளோடு மோதிய அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி கஸ்டரோடு களத்தில் நின்றவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை, அதனால் அங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஆளே இல்லாமல் போய்விட்டது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சொல்ல ஆள் இருந்தது. ஆயிரக்கணக்கில் இருந்தது. 1876 ஜூன் 25 அன்று அந்த ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்த லகோட்டா, செயன், அரபஹோ என்ற பூர்வகுடி மக்கள் அத்தனை பேரும் சாட்சிகள்தான். சண்டை போட்ட ஆண்கள் மட்டுமா, மேட்டில் நின்று பார்த்த பெண்களும் பின்னாளில் பேசியிருக்கிறார்கள். கேட்டவர்களும் உண்டு, எழுதி வைத்தவர்களும் உண்டு. நம்பத்தான் மனம் வரவில்லை.

நான் தடயவியல் ஆய்வகத்தில் துப்பாக்கிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கட்டுரையில் நான்கே வரியில் கடந்துபோன இடம் எனக்கு மிகவும் பழக்கமான இடம். அதனால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

1983 ஆகஸ்டில் அந்தப் புல்வெளியில் தீப்பிடித்தது. அறுநூறு ஏக்கர் அளவுக்கு எரிந்துபோனது. இடுப்பளவு புல்லும் புதரும் போனதும், நூறு வருடமாக மறைந்திருந்த தரை வெளியே தெரிந்தது. தொல்லியலாளர் ரிச்சர்ட் ஃபாக்ஸ் முதலில் நடந்து பார்த்தார். அப்புறம் 1984, 85 ஆண்டுகளில் இன்னொரு தொல்லியலாளர் டக்ளஸ் ஸ்காட்டும் அவரும் சேர்ந்து முழு ஆய்வில் இறங்கினார்கள். தன்னார்வலர்கள் மெட்டல் டிடெக்டரோடு வரிசை கட்டி நடந்தார்கள். கருவி சத்தம் போட்ட இடத்திலெல்லாம் ஒரு சின்னக் கொடி. பின்னால் வந்தவர்கள் மண்ணை மெல்ல விலக்கிப் பொருளை வெளிக்கொண்டு வந்தார்கள். ஆனால் உடனே கையில் எடுக்கவில்லை. அது கிடந்த இடம், ஆழம், எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்பதையெல்லாம் அளந்து குறித்த பிறகுதான் பைக்குள் போட்டார்கள். இப்படி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். ஒரு கொலை நடந்த வீட்டில் நாங்கள் செய்கிற வேலை இதுதான். அதை மைல்கணக்கில் நீண்ட ஒரு மலைமுகட்டில் செய்து காட்டினார்கள்.

வெற்றுத் தோட்டாக் கூட்டின் அடியை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு கைரேகை. துப்பாக்கியின் குத்தூசி அடித்த பள்ளம், அதன் ஓரத்தில் மயிரிழை போன்ற கீறல், கூட்டை வெளியே இழுத்த கொக்கியின் தடம், எல்லாம் அந்த ஒரு துப்பாக்கிக்கே உரியவை. குதிரைப்படையிடம் இருந்தது ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான், நடு அடியில் ஒரே குத்து. பூர்வகுடிகள் சிலரிடம் இருந்த ஹென்றி துப்பாக்கியில் குத்தூசிக்கு இரண்டு முனை. கூட்டின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு குத்து விழும். பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். அதோடு அது பதினாறு தோட்டா கொள்கிற துப்பாக்கி.

இரண்டு கூடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று முடிவானால், ஒரு மனிதன் நடந்த பாதையே வரைபடத்தில் வந்துவிடுகிறது. இங்கே நின்று சுட்டான், அப்புறம் அந்த மேட்டுக்கு ஏறிச் சுட்டான் என்று சொல்லிவிடலாம். அவன் பெயர் தெரியாது, முகம் தெரியாது, காலடி மட்டும் தெரிகிறது. அன்று பூர்வகுடிகள் கையில் இருந்தவை நாற்பதுக்கும் மேற்பட்ட வகைத் துப்பாக்கிகள் என்று இப்படித்தான் கணக்கு வந்தது. செத்த சிப்பாயிடம் பறித்த கார்பைனையே அவனுடைய தோழர்கள் மீது திருப்பியதும் தெரியவந்தது.

கட்டுரை கல்ஹூன் ஹில்லைத் தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். கஸ்டரின் தங்கை கணவர் ஜேம்ஸ் கல்ஹூன் விழுந்த மேடு அது. அங்கே ராணுவத் தோட்டாக் கூடுகள் இடைவெளி விட்டு வரிசையாகக் கிடந்தன. பயிற்சிப் புத்தகம் சொல்கிறபடி சிப்பாய்கள் வரிசை பிடித்து நின்றதற்கு அது அடையாளம். கொஞ்சம் தள்ளி ஒரு சரிவில் ஹென்றிக் கூடுகள் குவிந்து கிடந்தன. ஆய்வாளர்கள் அந்தச் சரிவுக்கு ஹென்றிவில் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து சுட்ட துப்பாக்கிகளில் சில பிறகு கல்ஹூன் ஹில்லின் உச்சியிலேயே சுட்டிருக்கின்றன. அதாவது மேடு கைமாறிவிட்டது. அந்த மேட்டுக்கு அப்பால் வடக்கே போகப் போக வரிசை எதுவும் இல்லை. ஆட்கள் கும்பல் கும்பலாக விழுந்திருக்கிறார்கள், திருப்பிச் சுட்டதற்கான தடயமும் குறைந்துகொண்டே போகிறது. ஃபாக்ஸ் சொன்னது இதைத்தான். படை கடைசி வரை அணிவகுத்து நிற்கவில்லை, ஒரு கட்டத்தில் கட்டுக்கோப்பு உடைந்து சிதறிவிட்டது.

இனி அந்தச் சாட்சிகளிடம் வருகிறேன். சிப்பாய்கள் முதலில் ஒழுங்காக நின்று சண்டை போட்டார்கள், அப்புறம் கலைந்தார்கள், மிஞ்சியவர்கள் மலையிலிருந்து கீழே பள்ளத்தை நோக்கி ஓடினார்கள், அங்கேதான் முடிந்தது. லகோட்டாக்களும் செயன்களும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், மண்ணைத் தோண்டுவதற்கு எத்தனையோ காலம் முன்பே. வெள்ளைக்கார வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஒதுக்கிவிட்டார்கள். சொன்னவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது அவர்கள் காட்டிய காரணம். ஆனால் அந்த மக்களின் மரபில் ஒரு போர்வீரன் தான் செய்ததையும் தான் பார்த்ததையும்தான் சொல்வான். அடுத்தவன் செய்ததைத் தன் வாயால் சொல்வது முறையில்லை. பழிவாங்கி விடுவார்களோ என்ற பயம் வேறு, நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேறு. எங்கள் வழக்குகளிலும் பத்து சாட்சி பத்து விதமாகத்தான் சொல்வார்கள். அதற்காக யாரும் சாட்சியே இல்லை என்று கோப்பை மூடுவதில்லை.

அவர்கள் பேச்சுக்குப் பதிலாக நாடு நம்பியது ஒரு படத்தை. ஒரு பீர் கம்பெனி அச்சடித்து மதுக்கடைதோறும் மாட்டிய படம். குன்றின் மேல் நீண்ட தலைமுடியோடு கஸ்டர் கையில் வாளை வீசி நிற்பார். உண்மையில் அந்தப் பயணத்துக்கு முன்பே அவர் முடியை வெட்டியிருந்தார், படையும் வாள்களை விட்டுவிட்டுத்தான் புறப்பட்டது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோட்டாக் கூட்டை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது. கஸ்டர் விழுந்த லாஸ்ட் ஸ்டாண்ட் ஹில்லில் ராணுவக் கூடுகள் கொஞ்சமாகத்தான் கிடைத்தன. அதை மட்டும் வைத்து அங்கே சண்டையே நடக்கவில்லை என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். நூறு வருடமாக ஊர்பார்க்க வந்தவர்கள் ஞாபகத்துக்கு எடுத்துப் போன இடத்தில் அதுதான் முதலாவது. கிட்டத்தட்ட நாற்பது பேர் அங்கே விழுந்து கிடந்ததைப் பிறகு வந்த படை பார்த்திருக்கிறது. தடயத்தையும் வாய்மொழியையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் அந்த மேடு பேசும்.

துப்பாக்கிக்குள் தோட்டாக் கூடு சிக்கிக்கொண்டதால்தான் சிப்பாய்கள் தோற்றார்கள் என்ற பழைய சமாதானத்தைக் கட்டுரையாளரும் திரும்பச் சொல்லியிருக்கிறார். செம்புக் கூடு சூட்டில் ஒட்டிக்கொள்வது உண்டுதான். ஆனால் கத்தியால் நெம்பி எடுத்த கீறல் உள்ள கூடுகள் மிகச் சிலவே கிடைத்தன. கஸ்டரின் ஐந்து கம்பெனிப் படைப்பிரிவுகள் அழிந்ததற்கு அது காரணமாக முடியாது.

கல்லறைக் கற்களைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம். கஸ்டரோடு அங்கே செத்தவர்கள் சுமார் 210 பேர். களத்தில் நடப்பட்ட கற்களோ சுமார் 250. பல இடங்களில் கற்கள் ஜோடி ஜோடியாக நின்றன. தோண்டினால் பெரும்பாலும் ஒரே ஆளின் எலும்புதான் கிடைத்தது. அவசர அவசரமாகப் புதைத்தபோது உடலின் இரண்டு பக்கத்திலிருந்தும் மண்ணை வாரிப் போட்டிருக்கிறார்கள். பின்னால் கல் நட வந்தவர்கள் அந்த இரண்டு பள்ளத்தையும் இரண்டு குழி என்று எண்ணிவிட்டார்கள். அப்படி ஒரு ஜோடிக் கல்லுக்கு அடியில் முக எலும்பின் ஒரு துண்டு கிடைத்தது. பற்களில் புகைக்குழாயைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த தடம். புகைப்படத்தோடு பொருத்திப் பார்த்ததில் அவர் மிட்ச் போயர் என்று முடிவானது. பிரெஞ்சுத் தந்தைக்கும் சூ என்ற பூர்வகுடி இனத் தாய்க்கும் பிறந்த வழிகாட்டி. முன்னால் இருக்கும் குடியிருப்பு மிகப் பெரியது என்று கஸ்டரிடம் எச்சரித்தவர்களில் ஒருவர். கேட்காதவரோடு சேர்ந்து அவரும் போய்ச் சேர்ந்தார்.

1991 வரை அந்த இடத்துக்கு அரசாங்கம் வைத்திருந்த பெயரே கஸ்டர் போர்க்களம். அந்த ஆண்டுதான் லிட்டில் பிக்ஹார்ன் என்று மாற்றினார்கள். பூர்வகுடிகளுக்கு அங்கே ஒரு நினைவிடம் திறக்க 2003 ஆனது. லகோட்டாக்கள் அந்த ஆற்றைச் சொல்லும் பெயர் ஆங்கிலத்தில் கிரீஸி கிராஸ், வழவழப்பான புல் என்று பொருள். கட்டுரையில் அந்தப் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த மூன்று படங்களிலும் குதிரைப்படை அதிகாரிகள்தான் இருக்கிறார்கள். ரெட் ஹார்ஸ் என்ற லகோட்டா போர்வீரர் அந்தச் சண்டையில் இருந்தவர். 1881-ல் ஒரு ராணுவ மருத்துவர் கேட்டுக்கொண்டதால் தான் கண்டதை 42 படங்களாக வரைந்து கொடுத்தார். அவை ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. நீலச் சட்டைச் சிப்பாய்கள் விழுந்து கிடப்பதும், பூர்வகுடிகள் பக்கத்தில் செத்தவர்கள் கிடப்பதும், ஆளில்லாத குதிரைகளை வரிசையாக ஓட்டிப் போவதும் அவற்றில் இருக்கிறது. திருத்தம் வெளியிடும்போது அவற்றில் ஒன்றையாவது பக்கத்தில் போடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சி