ட்ரெவியோடு திரும்பிவிடாதீர்கள்: ஐரோப்பா டூர் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நம் ஊர்களிலிருந்து ஐரோப்பாவுக்குக் குரூப் டூர் கூட்டிப்போகும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

உங்கள் அட்டவணையில் ரோம் நகரத்துக்குப் பெரும்பாலும் ஒரு பகல்தான் கிடைக்கிறது. காலையில் வாட்டிகன், மதியம் கொலோசியத்துக்கு வெளியே ஃபோட்டோ ஸ்டாப், சாயங்காலம் ட்ரெவி நீரூற்றில் ஆளுக்கொரு காசு, அப்புறம் இந்தியன் டின்னர், ஹோட்டல். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ட்ரெவிவரை வந்தவர்களை அங்கிருந்து பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் வழியாக நவோனா சதுக்கம் வரை நடத்திக் கூட்டிப்போங்கள். மொத்தமே ஒரு கிலோமீட்டர், மிஞ்சினால் கொஞ்சம் கூட. நிற்காமல் போனால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நின்று பார்த்துப் போக ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

'அதற்கெல்லாம் எங்கே சார் நேரம்' என்பீர்கள். இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரிய டூர் பஸ்கள் ரோமின் நடுப்பகுதிக்குள் வர 2019 முதல் தடை இருக்கிறது. அதனால் எங்கோ இறக்கிவிட்டு, கொடியைத் தூக்கிக்கொண்டு டூர் மேனேஜர் முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடுகிறோம். ட்ரெவியில் இருபது நிமிடம். பிறகு வந்த வழியே திரும்ப ஓட்டம். நடக்கிற நடையை எப்படியும் நடக்கத்தான் செய்கிறோம்; பார்த்த தெருவையே மறுபடி பார்க்கிறோம், அவ்வளவுதான். திரும்புவதற்குப் பதில் முன்னே நடந்தால் நவோனா வந்துவிடும். அங்கிருந்து டைபர் ஆறு சில நிமிட நடை. பஸ்ஸை எந்தப் பக்கம் வரச் சொல்லி ஏற்றிக்கொள்ளலாம் என்பதை உங்கள் உள்ளூர் ஏஜென்ட்டுகளிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

டிரைவர் நேரம் என்றொரு காரணமும் சொல்கிறீர்கள். அது நியாயமானதுதான். ஐரோப்பியச் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது; வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம்வரை ஓட்டலாம். இரவு ஓய்வுக்கும் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கட்டாய ஓய்வை நெடுஞ்சாலைக் கடை வாசலில் கழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லையே. நாங்கள் நடக்கும் நேரத்தில் அவர் ஓய்வெடுக்கட்டும்.

இனி அந்த ஒரு கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் கையேட்டில் ட்ரெவிக்கு 'காசு போட்டால் மீண்டும் ரோம் வருவீர்கள்' என்ற ஒரு வரிதான் இருக்கிறது. அந்தக் காசுகள் கரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்புக்குப் போகின்றன என்பதைக்கூடச் சொல்வதில்லை. அதைவிட முக்கியமானது தண்ணீர். நீரூற்று 1762-இல் முடிந்தது என்றாலும், அதற்கு நீர் தந்த விர்கோ கால்வாய் கி.மு. 19-ஐச் சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவர் அகஸ்டஸ் பேரரசரின் தளபதியும் மருமகனுமான அக்ரிப்பா. அவர் கட்டிய பொதுக் குளியல் கூடத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அந்தக் கூடம் இருந்த இடம் பாந்தியனுக்குப் பின்பக்கம். அதாவது ட்ரெவியிலிருந்து பாந்தியனுக்கு நடக்கும்போது, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அந்தத் தண்ணீர் போன திசையில்தான் நாமும் போகிறோம்.

முராத்தே தெரு வழியாகப் போய், கோர்சோ என்ற பெரிய கடைத்தெருவைக் குறுக்கே கடந்தால் பியேத்ரா சதுக்கம் வரும். அங்கே ஒரு கட்டடத்தின் சுவரில் பதினொரு பெரிய கல்தூண்கள் பதிந்து நிற்கின்றன. ஹேட்ரியன் பேரரசருக்காக கி.பி. 145-இல் எழுப்பிய கோயிலின் மிச்சம். இடையில் கொஞ்ச காலம் அது பங்குச் சந்தையாக இருந்தது. தூணுக்கு எதிரிலேயே காபி குடிக்கலாம். இந்த இடம் எந்தக் குரூப் டூர் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை, அதனால் கூட்டமும் குறைவு. இதை எழுதிக் கூட்டத்தை நானே வரவழைக்கிறேனோ என்னவோ.

அடுத்த சில நிமிடத்தில் பாந்தியன். முகப்பில் கொட்டை எழுத்தில் அக்ரிப்பா கட்டியது என்று பொறித்திருக்கும். தண்ணீர் கொண்டுவந்த அதே அக்ரிப்பா. அவர் கட்டிய கட்டடம் போய்விட்டது. இப்போது நிற்பது ஹேட்ரியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 126-இல் முடிந்தது. புதிதாகக் கட்டிய பேரரசர் தன் பெயரைப் போடாமல் பழைய பெயரையே விட்டுவைத்தார். நம் காலத்தில் ஒரு பஸ் நிழற்குடை கட்டினாலே கல்வெட்டில் எத்தனை பெயர் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும்! உள்ளே போனால் குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சிவரை உள்ள உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் உலகிலேயே பெரியது அதுதான். உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத் திறப்பு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளேதான் விழும், தரையில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். ஓவியர் ரஃபேலின் கல்லறையும் அங்கே இருக்கிறது. 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். நீங்கள் தவிர்ப்பதற்கு இந்தக் கட்டணம்தான் காரணமென்றால், டூர் விலையில் சேர்த்துவிடுங்கள், தருகிறோம். லட்சங்களில் பணம் கட்டியவர்கள் இதற்கா முகம் சுளிக்கப்போகிறார்கள்?

கடைசியாக நவோனா சதுக்கம். டொமிஷியன் பேரரசரின் விளையாட்டு அரங்கம் இருந்த இடம். சதுக்கம் இன்றும் அந்த அரங்கத்தின் நீள வடிவத்தில்தான் இருக்கிறது. நடுவில் சிற்பி பெர்னினி வடிவமைத்து 1651-இல் திறந்த நான்கு நதி நீரூற்று. அன்றைக்கு ஐரோப்பியர் அறிந்த நான்கு கண்டங்களுக்கு ஒன்றாக டான்யூப், நைல், தென் அமெரிக்காவின் பிளாட்டா, கங்கை என நான்கு நதிகளின் சிலைகள். ஆம், நம் கங்கைதான். ஆனால் தேவி இல்லை. கையில் நீண்ட துடுப்போடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தாடிக்கார ஆண். நைல் முகத்தைத் துணியால் மூடியிருக்கும், அது பிறக்கும் இடம் அப்போது அவர்களுக்குத் தெரியாது என்பதால். ஒரு தமிழ்க் குழுவை ரோம்வரை கூட்டிப்போய், பத்து நிமிட தூரத்தில் மீசை தாடியோடு இருக்கும் கங்கையைக் காட்டாமல் திரும்புவது எனக்குப் புரியவே இல்லை. இந்த நீரூற்றுக்கும் விர்கோ தண்ணீரைத்தான் திருப்பிவிட்டார்கள்.

வயதானவர்களால் நடக்க முடியாது என்பீர்கள். உங்கள் குழுவில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதும், ரோமின் கருங்கல் பாவிய தெருக்கள் முழங்காலைப் பதம் பார்க்கும் என்பதும் உண்மை. ஆனால் வழி பெரும்பாலும் சமதளம். வேகம்தான் அவர்களைக் களைப்பாக்குகிறது. பாந்தியன் எதிரே ஒரு கடையில் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். மற்றபடி, நீரூற்று விளிம்பிலோ ஸ்பானியப் படிகளிலோ கால் நீட்டி உட்காரவிடாதீர்கள், அபராதம் உண்டு. தெருவோரம் இரும்புக் குழாய்களில் குடிநீர் இலவசமாக ஓடிக்கொண்டே இருக்கும், நகரில் ஏறத்தாழ 2,500 இருக்கின்றன. குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், வாய் வைத்துக் குடிக்கலாம். காலி பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டால் போதும். பிக்பாக்கெட் எச்சரிக்கையை நீங்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்கிறீர்கள்.

இன்னொன்று, டின்னர். ஆறரை மணிக்கே சாம்பாருக்கு உட்கார வைக்கும் வழக்கத்தை ரோமில் மட்டுமாவது மாற்றுங்கள். ஜூனில் அங்கே பொழுது சாயவே எட்டே முக்கால் ஆகும். பாந்தியன் ஏழு மணிக்கு மூடிவிடும், அதனால் ஐந்தரைக்கு ட்ரெவியில் தொடங்குங்கள். ஏழு மணிக்கு நவோனாவில் வெயில் தணிந்திருக்கும், எட்டு மணிக்குச் சாப்பாடு. இத்தாலியில் வழிகாட்டியாக விளக்கம் சொல்ல உரிமம் வேண்டும் என்பதால், காலையில் வாட்டிகனுக்கு அமர்த்தும் உள்ளூர் வழிகாட்டியையே சாயங்காலத்துக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். காதில் மாட்டும் கருவி ஏற்கெனவே எங்கள் கழுத்தில்தான் தொங்குகிறது.

இதை 'ஆப்ஷனல் டூர்' என்று தனியாக விற்காதீர்கள். வரும் கோடைக்கான அட்டவணையில் ரோம் நாளுக்குக் கீழே, 'ட்ரெவி – பாந்தியன் – நவோனா, நடை, ஒன்றரை மணி நேரம்' என்று அச்சிடுங்கள். ஷாப்பிங் நேரத்தில் குறைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதே காந்த பொம்மைகள் நவோனாவிலும் கிடைக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் வந்த பயணி ஒருவர்