பொடியில் எள் இல்லையாம், மேலே ஊற்றியது நல்லெண்ணெய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகனுக்கு ஆறு வயது, எள் ஆகாது. ஆகாது என்றால் வயிறு சங்கடம் பண்ணும் என்கிற ஆகாது இல்லை. இரண்டு வயதில் எள்ளுருண்டையை ஒரு கடி கடித்த கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்து, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடி ஊசி போட்டுத்தான் பிள்ளையை மீட்டோம். அன்றிலிருந்து பொடி, தொக்கு, ஊறுகாய் எல்லாம் வீட்டில்தான், என் கையால்தான்.

"எள்ளுதானே, போடாம விட்டாப் போச்சு" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய் என்பதிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம், அப்புறம் எங்கே போடாமல் விடுவது? இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு, ஆவக்காய், புரட்டாசி சனிக்கிழமை யாரோ அன்போடு கையில் வைக்கும் புளியோதரை என்று எல்லாவற்றிலும் இருக்கிறது.

இட்லிப் பொடிக்கு நான் உளுந்து ஒரு பங்கு, கடலைப்பருப்பு அரைப் பங்கு, வரமிளகாய், கறிவேப்பிலை, கல்லுப்பு, பெருங்காயம் எடுத்துக்கொண்டு, எள்ளுக்குப் பதிலாகக் கொப்பரையைத் துருவி ஈரம் போக வறுத்துச் சேர்க்கிறேன். வாசனை வேறுதான், பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அவனுக்கு மற்ற வாசனை தெரியாதே. மில்லில் கொடுத்து அரைப்பதை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் நமக்கு முன்னால் நின்றவர் என்ன அரைத்தாரோ, மிஷினை இரண்டு தட்டு தட்டிவிட்டு நம்முடையதைப் போடுவார்கள், அந்த மிச்சம் போதும். மரச்செக்கு எண்ணெயும் கிடையாது. எங்கள் ஊர்ச் செக்கில் காலையில் எள் ஆட்டினால் மதியம் அதிலேயே தேங்காய். செக்கு நல்லெண்ணெயில் சுத்திகரித்ததைவிட எள்ளின் புரதம் கூடுதலாகத் தங்கும், அலர்ஜியைக் கிளப்புவது அந்தப் புரதம்தான். தக்காளித் தொக்குக்குத் தவிட்டு எண்ணெய், பாக்கெட்டில் வருவது.

ஊறுகாய்க்குத்தான் முழித்துக்கொண்டிருந்தேன். என் மாமியார்தான், "உப்பு நார்த்தங்காய்க்கு எதுக்குடி எண்ணெய்?" என்று கேட்டு வழிக்குக் கொண்டுவந்தார். சுருள் சுருளாக நறுக்கி, உப்பை அடைத்து, ஊறவிட்டு, வெயிலில் காயவைத்தால் முடிந்தது. மாவடுவுக்கோ விளக்கெண்ணெய்தான் பழைய வழக்கமே. வடுவை அதில் பிசறி, கல்லுப்பும் மஞ்சளும் மிளகாயும் கடுகும் அரைத்துப் போட்டு, தினம் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். (கடுகு ஆகாத பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கு இது சரிவராது. எந்தக் குழந்தைக்கு எது ஆகாது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

வீட்டைச் சமாளித்துவிட்டேன், வெளியேதான் முடியவில்லை. போன மாதம் வெளியூரில் ஓர் ஓட்டலில் பொடி தோசைக்கு முன்னால் மூன்று முறை கேட்டேன், எள் இருக்கிறதா என்று. "இல்லவே இல்லைங்க, எங்க பொடியில எள்ளு போடறதில்ல." உண்மைதான், பொடியில் இல்லை. தோசை மேல் தாராளமாக ஊற்றியிருந்தது நல்லெண்ணெய். வாசனை வந்ததால் தட்டைப் பிடுங்கினேன். பரிமாறியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எள்ளும் நல்லெண்ணெயும் ஒன்று என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, சட்டமே சொல்லவில்லையே.

2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். பாக்கெட்டில் அலர்ஜி எச்சரிக்கையாகத் தனியே எழுத வேண்டியவை என்று கோதுமை போன்ற, குளூட்டன் என்கிற புரதம் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலையும் முந்திரி பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, கெடாமல் இருக்கப் போடும் சல்பைட் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் அதுவும் என்று எட்டு வகை போட்டிருக்கிறார்கள். எள் இல்லை, கடுகும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 உண்டு, இந்த இரண்டும் அதில் இருக்கின்றன. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் அவர்கள் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது. அப்படியென்றால் இங்கே தயாராகி அங்கே போகிற பொடிப் பாக்கெட்டில் எள் உள்ளது என்று தெளிவாக எழுதித்தான் ஆக வேண்டும், அதே பொடி நம் மளிகைக் கடைக்கு வந்தால் அந்த எச்சரிக்கை தேவையில்லை. உட்பொருள் வரிசையில் இருக்கத்தான் செய்யும், மறுக்கவில்லை, ஆனால் எறும்பு எழுத்தில், ஒன்றில் செசமி, இன்னொன்றில் ஜிஞ்ஜிலி, வேறொன்றில் தில் என்று இருக்கும். ஆங்கிலம் படிக்காத பாட்டி எதைக் கண்டுபிடிப்பார்?

எள்ளையும் கடுகையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும், தமிழிலும் எழுத வேண்டும். அது வர நாளாகும் என்று தெரியும். அதுவரை உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் நாளிதழின் சமையல் குறிப்புகளில் "எண்ணெய் தேவையான அளவு" என்று மட்டும் போடாமல், எந்த எண்ணெய் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கரூர்.