பெரும்பான்மைக்கு எது எல்லை? பேர்ணிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். வேலையும் பழகிவிட்டது. சனநாயகமும் தனிமனித உரிமையும் மேற்கு நாட்டாரின் சரக்கு, அதை எல்லோருக்கும் பொதுவென்று எப்படிச் சொல்வது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இங்கே கண்டதை வைத்தே பதில் எழுதுகிறேன்.

சுவிஸில் ஆண்டுக்கு நான்கு தடவை வரை வாக்கெடுப்பு நடக்கும். வாக்குச்சீட்டும் விளக்கப் புத்தகமும் தபாலில் வீட்டுக்கே வரும். 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்துத் திரட்டினால் அரசியலமைப்பையே திருத்தக் கேட்கலாம். மக்களிடம் இவ்வளவு அதிகாரம் இருப்பதைப் பார்த்து வந்த புதிதில் மலைத்துப்போனேன்.

ஆனால் இந்த நாட்டில் 1971 வரை பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்கு இல்லை. 1959இல் கேட்டபோது, வாக்களித்த ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மறுத்தார்கள். அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற சிறு கன்டோனில் (கன்டோன் என்பது இங்குள்ள மாநிலம்), திறந்தவெளியில் கூடிக் கையுயர்த்தி வாக்களிக்கும் ஆண்கள் 1990 ஏப்ரலிலும் மறுத்தார்கள். அந்த நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அங்கே பெண்களுக்கு உரிமை வந்தது.

இலங்கையில் பெண்கள் 1931இலேயே வாக்களித்துவிட்டார்கள், அப்பா. யாப்பைத் திருத்த ஆராய்ந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழுவிடம் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அதைக் கேட்டது. தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தார். இந்து வாழ்க்கை முறைக்கு ஒவ்வாது என்பது அவர் வாதம். அப்பன்செல் ஆண்களும் மரபைத்தான் காட்டினார்கள். ஆகவே இந்த உரிமை எந்தத் திசையில் பிறந்தது என்பதை நான் இப்போது பெரிதாக எடுப்பதில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எங்கேயும் அதையே கேட்டார்கள். எனக்கு அந்தச் சான்று போதும்.

தாராளவாதம் என்று சொல்லப்படுவதெல்லாம் உலகப் பொது என்று சொல்லமாட்டேன். பிரான்ஸ் 1905இல் அரசையும் சமயத்தையும் பிரித்தது. இங்கே பல கன்டோன்களில் அரசே திருச்சபைக்காக வரி வசூலிக்கிறது. இரண்டும் சனநாயகங்கள்தான். அப்படி வேறுபட இடமுண்டு. ஆனால் ஒருவரைக் காரணம் சொல்லாமல் ஒதுக்கிவைக்க எந்த நாட்டுக்கும் இடமில்லை என்றே நினைக்கிறேன்.

லுற்சேர்ண் கன்டோனின் எம்மன் என்ற ஊரில் 2000ஆம் ஆண்டு நடந்தது இதற்குச் சாட்சி. குடியுரிமை கேட்டவர்களின் விவரங்களை ஊராருக்கு அனுப்பி, இரகசிய வாக்கெடுப்பு வைத்தார்கள். இத்தாலியரை ஏற்றார்கள்; முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களை மறுத்தார்கள். கூட்டாட்சி நீதிமன்றம் 2003இல் அந்த முறையே அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லவேண்டும், இரகசிய வாக்குச்சீட்டால் காரணம் சொல்ல முடியாது என்பது தீர்ப்பு. இந்த ஒரு வரியில் நவீன சனநாயகம் முழுவதும் இருப்பதாக எனக்குப் படுகிறது. மக்கள் முடிவெடுக்கலாம், ஆனால் முடிவால் பாதிக்கப்படுகிறவரும் பதில் பெற உரிமையுள்ள மனிதர்.

எல்லா இடத்திலும் நீதிமன்றத்தின் அந்தத் தடுப்பு வேலை செய்வதில்லை. 2009இல் 57.5 சதவீதத்தினர் ஆதரித்து, பள்ளிவாசல்களுக்குப் புதிய மினாரா என்ற கோபுரம் கட்டத் தடை விதித்தார்கள். அது அரசியலமைப்பிலேயே ஏறியிருக்கிறது. இன்னொரு சமயத்தவரின் கோபுரமாக இருந்தால் இப்படித் தடுத்திருப்பார்களா என்று கேட்கும்போது என் மனம் ஆறுவதில்லை.

எங்கள் நாட்டுக் கதையும் இதே கதைதான். 1948 டிசம்பர் 10இல் மனித உரிமைப் பிரகடனத்தை ஐ.நா. ஏற்றது; 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்வாக்கு இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 15ஆம் உறுப்புரை. அதே ஆண்டில்தான் இலங்கைப் பாராளுமன்றம் பெரும்பான்மை வாக்கால் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி யாப்பின் (அரசியலமைப்பின்) 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் காப்பு என்றார்கள். அது இந்தச் சட்டத்தைத் தடுக்கவில்லை.

நான் இங்கே வரி கட்டுகிறேன், வாக்கு இல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 10 ஆண்டுகள் இருக்கவேண்டும். நொசத்தெல் கன்டோனில் என்றால் வெளிநாட்டவரும் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கலாம்.

1972 யாப்பில் அந்த 29ஆம் பிரிவு கைவிடப்பட்டபோது நீங்கள் மாணவர். அன்று உங்கள் ஆசிரியர்கள் அதைப்பற்றி என்ன பேசினார்கள்? விரிவாக எழுதுங்கள், அப்பா. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்