செயலாளர் அறிக்கை, 2024: ஆயத்த ஆடைப் பெண் தொழிலாளர் சங்கம், மதுரை வட்டாரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே! வராதவர்களுக்கு லைனில் பக்கத்து மெஷினில் இருப்பவர்கள் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டு, 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மார்ச் 8 வேலை நாளாக இருந்ததால் மகளிர் நாள் கூட்டம் அடுத்த ஞாயிறு நடந்தது. மே நாளன்று கொடி ஏற்றினோம். வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து தொழிலாளர்கள் இறந்த ராணா பிளாசா விபத்தின் நினைவு நாள் ஏப்ரல் 24. அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் என்பதால் ஆள் சேரவில்லை, நடத்தவில்லை. ஏப்ரல் மாதச் செயற்குழுவும் அதே காரணத்தால் கூடவில்லை. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்பது சட்டம். அந்த நாள் சம்பளத்தைப் பிடித்த ஒரு கம்பெனி, மனு கொடுத்த பிறகு அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்தது.

ஓவர்டைம் பிரச்சினை அப்படியே இருக்கிறது. 2024இல் நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி தாண்டினால் இரட்டைக் கூலி. மாதம் 10,400 ரூபாய் சம்பளம் என்றால் 26ஆல் வகுத்து நாளுக்கு 400, மணிக்கு 50; ஓவர்டைமுக்கு (ஓ.டி., சுருக்கமாக ‘ஓடி’) மணிக்கு 100 வர வேண்டும். வருவது 50. மாதம் 24 மணி நேரம் ஓடி பார்ப்பவர் 1,200 ரூபாயைக் கம்பெனியில் விட்டுவிட்டு வருகிறார். ஓடியைத் தனி நோட்டில் எழுதி, சம்பளச் சீட்டில் ‘இன்சென்டிவ்’ என்று காட்டுவதால் கையில் ஆதாரம் இல்லாமல் போகிறது. ஆகவே வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் சொந்தக் கையெழுத்தில் குறித்து வையுங்கள் என்று எல்லாருக்கும் சிறு டைரி கொடுத்தோம். மூன்றாம் மாதம் கேட்டபோது பல டைரிகளில் பால் கணக்கு இருந்தது.

மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட் பற்றியும் ஒன்று. ஒரு தையல் ஆபரேஷனுக்கு அரை நிமிடம் என்று நேரம் போட்டிருந்தால் மணிக்கு 120 பீஸ். நூல் அறுவது, பாபின் மாற்றுவது, வெட்டிய துணிப் பண்டில் வந்து சேரத் தாமதமாவது எல்லாம் அதற்குள்தான். பண்டில் வராமல் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த நேரத்தை டார்கெட்டில் கழிக்கச் சொல்லிக் கேட்டோம். இரண்டு லைன்களில் ஒப்புக்கொண்டார்கள். வங்கதேசத்தில் ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்ததும் ஆர்டர் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பும் என்றார்கள். நம் லைனுக்கு வந்தது டார்கெட் மட்டும்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமை பிஎஃப் மேஜை, அதாவது உறுப்பினர்கள் தங்கள் வருங்கால வைப்பு நிதிப் பணத்தை எடுக்க ஆன்லைனில் படிவம் போட்டு உதவும் நம் வேலை. ‘சங்கம் நெட் சென்டர் ஆகிவிட்டது’ என்ற விமர்சனம் செயற்குழுப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

10,000 ரூபாய் சம்பளத்தில் நம்மிடம் பிடிப்பது 12 சதவீதம், 1,200. கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். அதில் 833 ஓய்வூதியக் கணக்குக்கும் 367 பிஎஃப் கணக்குக்கும் போகும். ஐந்து வருடம் தைத்த பெண்ணுக்கு வாழ்க்கையிலேயே பெரிய சேமிப்பு இதுதான். அது சிக்கிக் கொள்வதற்குக் காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. முதலாவது பெயர். ஆதாரில் ‘முத்துலட்சுமி பி’ என்று இருக்கும். கம்பெனியில் சேர்த்துவிட்ட ஏஜென்ட் ‘முத்து லட்சுமி’ என்று இரண்டாக உடைத்து, இனிஷியலை விட்டு எழுதியிருப்பார். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர். 2024இல் திருத்தத்துக்கு ஆன்லைனில் கூட்டு உறுதிமொழி கொடுத்தால் அதைக் கம்பெனி தன் லாகினில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகுதான் பிஎஃப் அலுவலகத்துக்குப் போனது. கம்பெனி மூடிவிட்டால் தாளில் எழுதி, அரசு அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி நேரில் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது போன். ஆதாரில் இணைத்திருக்கும் எண் அண்ணனுடையதாகவோ, வீட்டுக்காரருடையதாகவோ, என்றோ தொலைந்துபோன சிம்மாகவோ இருக்கும். ஓடிபி அங்கே போகும். சிலருக்குப் பணம் இருக்கும் விவரமே ஓடிபி வழியாகத்தான் வீட்டுக்குத் தெரிந்து, மோதிரம், வண்டித் தவணை என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. 2024இல் எண்ணை மாற்ற ஆன்லைனில் வழியில்லை. ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல் வைக்க வேண்டியிருந்தது. அப்போது கட்டணம் 50 ரூபாய். மேஜைக்கு வருகிறவர்களை முதலில் அங்கே அனுப்புவதால்தான் ‘அலைய விடுகிறார்கள்’ என்ற பேச்சு வருகிறது.

மூன்றாவது, வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியாமல் விடுவது. கடைசிச் சந்தா ஏறி இரண்டு மாதம் ஆகிவிட்டால் உறுப்பினரே அதைப் பதியலாம். அதன்பின் பிஎஃபுக்குப் படிவம் 19, ஓய்வூதியத் தொகைக்கு 10சி. பணம் எடுக்க மற்றவர்களுக்கு இருந்த இரண்டு மாதக் காத்திருப்பு, கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு 2024இல் சட்டப்படி இல்லை. இதை எந்தக் கம்பெனியும் வாய் திறந்து சொல்வதில்லை. ஐந்து வருடத்துக்குள், 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் பான் இருந்தாலும் 10 சதவீதம், இல்லாவிட்டால் 20 சதவீதம் வரி பிடிப்பார்கள். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவர்கள் 15ஜி படிவத்தைச் சேர்த்துக் கொடுத்தால் பிடித்தம் இல்லை. அந்த ஒரு தாள் இல்லாமல் ஐயாயிரம், ஆறாயிரம் இழந்தவர்கள் நம்மிலேயே உண்டு.

ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் 10சி போட்டு ஓய்வூதியப் பணத்தைத் துடைத்து எடுப்பதை மேஜையில் நான் ஊக்குவிப்பதில்லை. பத்து வருடச் சேவை சேர்ந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. எடுக்க எடுக்கக் கணக்கு மறுபடி சைபரிலிருந்து தொடங்கும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய்தானே என்று கேட்கிறார்கள். 58 வயதில் அந்த ஆயிரத்தை வேறு யார் கொடுப்பார்கள்?

மேஜை தொழிற்சங்க வேலையா என்பதற்குப் பதில் பிஎஃப் பாஸ்புக்கில் இருக்கிறது. வரிசையாகப் பாஸ்புக் பார்த்ததால்தான், ஒரு காண்ட்ராக்டர் சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டு மாதக்கணக்கில் கட்டாமல் இருந்தது தெரிந்தது. காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் பெரிய கம்பெனிதான் பொறுப்பு என்று அத்தனை பேர் பாஸ்புக் நகலையும் சேர்த்துப் புகார் கொடுத்த பிறகு தொகை ஏற ஆரம்பித்திருக்கிறது. முழுதும் இன்னும் வரவில்லை. பெங்களூரில் 2016 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான கார்மெண்ட்ஸ் பெண்கள் ரோட்டை மறித்ததும் பிஎஃபுக்காகத்தான். கம்பெனி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற உத்தரவை மத்திய அரசு இரண்டே நாளில் திரும்பப் பெற்றது. எந்தச் சங்கமும் அழைக்காமல் கூடிய கூட்டம் அது. மேஜையைக் குறை சொல்லும் செயற்குழு உறுப்பினர்கள் ஒரு ஞாயிறாவது வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

படிப்பு வட்டம் நான்கு முறை கூடியது. கம்போடியாவில் குறைந்தபட்சக் கூலியை ஆண்டுதோறும் நிர்ணயிப்பது, 2025க்கு மாதம் 208 டாலர் என்று அறிவித்தது, வங்கதேசத்தில் 2023 டிசம்பரில் அது மாதம் 12,500 டாக்கா ஆனது, கூலி கேட்டால் அடுத்த நாட்டுக்குப் போய்விடுவோம் என்ற மிரட்டலுக்குப் பதிலாக ஆசியா முழுவதற்கும் ஓர் அடித்தளக் கூலி வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவற்றைப் பேசினோம். பக்கத்து மாவட்டத்தில் 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தையும் பார்த்தோம். லைனில் நடக்கும் பாலியல் சீண்டலைக் கண்காணிக்கத் தொழிலாளர்களிலிருந்தே பெண்களை நியமித்ததும், துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தையே கையெழுத்துப் போட வைத்ததும் அதன் பலம். நம் பக்கம் உள் புகார்க் குழுப் பலகை எல்லா கேட்டிலும் தொங்குகிறது. அதில் பெயர் இருக்கும் அக்காவிடம் கேட்டால், ‘நான் அதுல இருக்கேனா?’ என்கிறார். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பதை மட்டுமாவது எல்லாரும் மனதில் வையுங்கள்.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். மாதம் 20 ரூபாய். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி. பிஎஃப் எடுக்க வெளியே புரோக்கருக்கு ஆயிரம், இரண்டாயிரம் கேள்வி கேட்காமல் கொடுத்தவர்கள், அதே வேலையை இங்கே முடித்துக்கொண்டு, பணம் ஏறிய மறுவாரமே குழுவிலிருந்து விலகியிருக்கிறார்கள். கேட்டால் செயலாளர் கறார் என்கிறார்கள், கேட்காவிட்டால் நிர்வாகம் சரியில்லை என்கிறார்கள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். இது வெறும் பணப் பிரச்சினை இல்லை. 2024இல் நடப்பில் இருந்த தொழிற்சங்கச் சட்டத்தின் 2001 திருத்தப்படி, தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை உறுப்பினர்கள் எப்போதும் இருக்க வேண்டும். பாக்கிக்காரர்களைப் பட்டியலிலிருந்து எடுத்தால் பதிவே ஆட்டம் காணும். எடுக்காமல் வைத்தால் ஆண்டுக் கணக்கில் பொய் எழுதியதாகும். செயற்குழுவுக்கு மூன்று தடவை தொடர்ந்து வராதவர்கள் மீது விதிப்படி என்ன செய்வது என்பதையும் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். பெயர்களை நான் இங்கே வாசிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக, வரவுக்குள் செலவு ஏறக்குறைய அடங்கியது. ஜெராக்ஸ், ஆட்டோ, கூட்ட டீச் செலவு கூடியிருக்கிறது, நன்கொடை குறைந்திருக்கிறது. கையிருப்பு உண்டு, சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்கள், கட்டணம் வாங்காமல் ஆலோசனை சொன்ன வழக்கறிஞர், கடனுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கடைக்காரர், தணிக்கையாளர், தலைவர், பொருளாளர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பிஎஃபோடு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டையும் மேஜையில் சேர்க்க எண்ணம். அரையாண்டில் 78 நாள் சந்தா ஏறாததால் நோய்க்கால உதவி கிடைக்காமல் போனவர்கள் நிறைய. ஆனால் ஒரே ஆள், ஒரே லேப்டாப் என்றால் அது நடக்காது. போனில் படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு தங்கச்சிகளும் ஓடுகிற பிரிண்டர் ஒன்றும் வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் பிரிண்டரானாலும் சரி. செயலாளர் பொறுப்புக்கு இன்று வேறு பெயர் வந்தால் நோட்டு, சாவி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் இப்போதே ஒப்படைக்கத் தயார். வராவிட்டால், குறை சொன்னவர்களிலிருந்தே அந்த இருவரையும் தேர்ந்தெடுக்க அனுமதி கேட்கிறேன்.

பதிவாளருக்கு ஆண்டுக் கணக்கு ஏப்ரல் முடிவதற்குள் போக வேண்டும். ஆகவே சந்தா பாக்கியை மார்ச் கடைசி ஞாயிறுக்குள் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளவும், ஜிபேயும் உண்டு. மேஜைக்கு வருகிறவர்கள் ஆதார், வங்கிப் பாஸ்புக், பான், சம்பளச் சீட்டு, ஆதாரில் இணைத்த எண் உள்ள போன் ஆகியவற்றைக் கொண்டு வரவும். போனை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு வேலை நடக்காது.

செயலாளர்