"நல்லதுக்குத்தானே சொன்னனான்": உளவளத்துணை செய்யிறவைக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின்ர வடக்கில உளவளத்துணை (கவுன்சிலிங்) செய்யிற அண்ணாமார் அக்காமாருக்கும், அவையை வேலைக்கு எடுக்கிற நிறுவனங்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வாறன். போன வருசம் என்ர தங்கச்சி நித்திரை இல்லாமல் சாப்பாடு இறங்காமல் திரிய, நான்தான் கரைச்சல் குடுத்து ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். மூண்டு தரம் போனாள். நாலாம் கிழமை கோயில்ல வச்சு ஒரு மாமி அம்மாட்டைக் கேக்கிறா, "பிள்ளை இன்னும் அந்தப் பெடியனை மறக்கேல்லயோ" எண்டு. அந்தப் பெடியன்ர கதை எனக்கே தெரியாது, அவள் அதைச் சொன்னது அந்த அறைக்குள்ள மட்டும்தான். பிறகு விசாரிச்சா அந்தத் துணையாளர் மாமிக்குச் சொந்தமாம். போய்க் கேட்டதுக்கு "நல்லதுக்குத்தானே சொன்னனான்" எண்டு பதில். எனக்கு விசர்தான் வந்தது.

எங்கட ஊர் எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியும், வாசல்ல நிக்கிற சைக்கிளைப் பாத்தே ஆர் உள்ளுக்க இருக்கினம் எண்டு சொல்லுவினம். எல்லாரும் ஏதோ ஒரு வழியில சொந்தம், அதுக்காக ஒருத்தரையும் பாக்கேலாது எண்டு சொல்லவும் ஏலாதுதான். அமெரிக்க உளவியல் சங்கம் 1953 லயே முதல் ஒழுக்கக் கோவையைப் போட்டது, இப்ப இருக்கிற கோவையிலயும் இரட்டை உறவு, அதாவது வந்தவரோடயோ அவரின்ர ஆக்களோடயோ துணையாளருக்கு வேற தொடர்பும் இருக்கிறது, எல்லாமே பிழை எண்டு இல்லை, அது உங்கட தீர்ப்பைக் கெடுக்கும் இல்லாட்டி வந்தவருக்குக் கேடு செய்யும் எண்டு தெரிஞ்சா விலகுங்கோ எண்டுதான் கிடக்கு. அப்ப மாமியின்ர சொந்தம் எண்டு முதல் நாளே சொல்லியிருக்கலாம், தங்கச்சி வேற ஆளைத் தேடியிருப்பாள்.

சரி, முறைப்பாடு செய்வம் எண்டு பாத்தா எங்க போறது? டொக்டர் எண்டா மருத்துவச் சபைக்கு எழுதலாம், லோயர் எண்டா உயர் நீதிமன்றம் வரைக்கும் போகலாம். உளவளத்துணையாளர் எண்டு போர்ட் போட இந்த நாட்டில லைசன்ஸும் தேவையில்லை, அதைப் பறிக்க ஒரு சபையும் இல்லை. மனநோய்ச் சட்டம் 1873 இல வெள்ளைக்காரன் போட்டது, ஆளை ஆசுப்பத்திரியில அடைக்கிறதைப் பற்றித்தான் அதுக்குக் கவலை. 1895 சாட்சியக் கட்டளைச் சட்டத்தில லோயரிட்ட சொன்ன ரகசியத்துக்குப் பாதுகாப்பு இருக்கு, உங்களிட்டச் சொன்னதுக்கு இல்லை. 2022 தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேஷமாப் பாக்குது, ஆனா கோயில் வீதியில மாமி கதைக்கிறதுக்கு அது எவ்வளவு தூரம் வரும்?

எல்லாத்தையும் மூடி வைக்கச் சொல்லேல்ல. 1969 இல கலிபோர்னியாவில ஒருத்தன் தத்தியானா தராசொஃப் எண்ட பெட்டையைக் கொல்லப்போறன் எண்டு தன்ர தெரபிஸ்டிட்டச் சொன்னவன், பொலிஸ் பிடிச்சு விட்டிட்டுது, அவளுக்கோ வீட்டுக்காரருக்கோ ஒருத்தரும் சொல்லேல்ல, அவன் கொண்டுபோட்டான். 1976 இல கோர்ட் சொன்னது, ஆபத்தில இருக்கிற ஆளைக் காப்பாத்திற பொறுப்பு தெரபிஸ்டுக்கும் இருக்கு எண்டு. உயிர் போற விஷயமெண்டா வாயைத் திறக்கத்தான் வேணும். தங்கச்சியின்ர காதல் உயிர் போற விஷயமோ?

மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மாதிரி ஆக்கள் குண்டு விழேக்கயும் இங்க நிண்டு செய்த வேலை இது. அந்த நம்பிக்கையிலதான் சனம் இண்டைக்கும் உங்களிட்ட வருது. சின்னக் கோர்ஸ் ஒண்டு முடிச்சிட்டு கதிரையில இருக்கிற ஆக்கள் அதைத்தான் கரைக்கினம்.

சட்டம் வரும்வரைக்கும் நிறுவனங்கள் இதையாவது செய்யுங்கோ. முதல் நாளே தமிழில ஒரு பேப்பர் குடுங்கோ, எதை ஆருக்குச் சொல்லுவியள், எப்ப சொல்லுவியள், பிழை நடந்தா ஆரிட்ட வாறது எண்டு. அந்த ஆள் அதே துணையாளராவோ அவரின்ர சிநேகிதராவோ இருக்கக் கூடாது. மேற்பார்வையாளரோட கேஸைக் கதைக்கிறதெண்டா பேர், ஊர், பள்ளிக்கூடம் எடுத்துப்போட்டுக் கதையுங்கோ, இங்க பள்ளிக்கூடம் சொன்னாலே ஆள் ஆரெண்டு பிடிபட்டிடும்.

தங்கச்சி இனி ஒருத்தரிட்டயும் போகமாட்டாளாம்.

கீழ என்ர பேர் போடேல்ல. போட்டா அவள் ஆரெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிடும்.