ஊலாங் டீ நம் கடைகளுக்கும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் பசுந்தேயிலைக்கு விலை இல்லை என்ற செய்தி உங்கள் நாளிதழில் வரும்போதெல்லாம் மனம் கனத்துவிடும். தண்டையார்பேட்டையில் 32 வருடம் பாய்லர் முன் நின்று டீ ஆற்றியவன் நான். அந்த மலையின் தூள்தான் எனக்குச் சோறு போட்டது.

கப்பலில் வேலை பார்க்கும் என் மருமகன் சென்ற மாதம் தைவானிலிருந்து 100 கிராம் ஊலாங் டீ வாங்கி வந்தார். டங் டிங் என்ற மலைப்பக்கத்துச் சரக்காம். மிளகைவிடச் சற்றுப் பெரிய, கரும்பச்சை உருண்டைகள். கைப்பழக்கத்தில் முதல் நாள் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டேன். பால் வாசம்தான் வந்தது. நல்ல இலையைப் பாழாக்கியது இன்றும் உறுத்துகிறது.

மறுநாள், கொதித்த தண்ணீரை இறக்கிச் சற்று ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் இலைமேல் ஊற்றி இரண்டு நிமிடம் மூடிவைத்தேன். இளம் பொன்னிறத்தில் சாயம் இறங்கியது. முதல் வாய் வெறும் வெந்நீர் போலத்தான் இருந்தது. விழுங்கிய பிறகு வந்தது வாசம்: விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் பன்னீர்ப்பூவின் வாசம். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஓர் இனிப்பு ஊறுமே, அது வெகுநேரம் நின்றது. சர்க்கரை துளியும் போடவில்லை. அதே இலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினேன். இரண்டாவதுதான் உயர்வு. கடைசியில் உருண்டைகள் முழு இலைகளாக விரிந்து கிடந்தன. நடுவில் பச்சை, ஓரத்தில் செம்பழுப்பு.

அந்த ஓரத்தில்தான் வேலைப்பாடே இருக்கிறது. பறித்த இலையை வாடவிட்டு, குலுக்கி, ஓரங்கள் கன்றி நிறம் மாறத் தொடங்கியதும் சூடு காட்டிப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கிரீன் டீக்கு இலையை அவ்வாறு மாறவே விடுவதில்லை. நம் டீத்தூளில் அது முழுவதும் நடந்துவிடும். நம் தூள் உருளைகளில் நறுக்கிக் கிழித்துச் சுருட்டியது. பாலுக்கு அதுவே சரி. அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

நீலகிரியிலும் சில தோட்டங்கள் ஊலாங் செய்கின்றன. அதைத் தேடி வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை அலைந்தேன், கிடைக்கவில்லை. ஒரு கடையில், "பெரியவரே, அதெல்லாம் உங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்றார்கள். 3 கிராம் இலையில் மூன்று தம்ளர் டீ கிடைக்கும்போது ஏன் கட்டுப்படியாகாது?

சிறு விவசாயிகளின் கொழுந்தில் ஒரு பங்கையாவது கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இப்படிப் பக்குவப்படுத்த வேண்டும். 25 கிராம் பொட்டலங்களாக ராயபுரம், கொருக்குப்பேட்டைக் கூட்டுறவுக் கடைகளுக்கும் அனுப்ப வேண்டும். போடும் முறையை உறையிலேயே தமிழில் அச்சிட வேண்டும். பாலில் கொதிக்கவிடக் கூடாது என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீ மாஸ்டர்,
தண்டையார்பேட்டை, சென்னை.