ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நலம். தன் பாப்பாவின் முழங்கை மடிப்பில் கரப்பான் மறுபடி வெடித்து நீர் கசிகிறது என்று அக்கா சொன்னதிலிருந்து, என் மனம் சேலம் அம்மாபேட்டையை விட்டு நகரவில்லை. தம்பியைச் சுமந்தபோது நீங்கள் கத்தரிக்காய் தின்றதால்தான் அவனுக்கு இது வந்தது என்று ஊரார் சொன்னதை இன்றும் நம்புகிறீர்கள். அது உண்மையில்லை அம்மா.

தோலின் மேலடுக்குக்கு உறுதி தந்து ஈரம் காக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுப் பழுது கரப்பானுக்கு வழிவிடுகிறது என்பதை, 2006இல் இந்த டண்டீ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள்தாம் கண்டறிந்து சொன்னார்கள். எல்லாருக்கும் அதுவே காரணம் அன்று. ஆனால் தோல் காய்ந்து விரிசல் விட்ட இடத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா பெருகிவிடுகிறது. அது சுரக்கும் ஒரு நொதி நரம்பு முனைகளை நேரடியாகத் தூண்டி அரிப்பெடுக்க வைப்பதை 2023இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்த இரவு, சொறியாதே என்று தம்பியின் கையில் நாம் அடித்ததை நினைத்து அழுதேன்.

என் வேலை, இங்குள்ள கரப்பான் குழந்தைகளின் முழங்கை மடிப்பில் ஈரப் பஞ்சுக் குச்சியை அரை நிமிடம் தேய்த்தெடுத்து, அதில் ஒட்டிய கிருமிகளின் டிஎன்ஏவைப் படிப்பது. தோலிலிருந்து கிடைக்கும் டிஎன்ஏ மிகக் கொஞ்சம் என்பதால், யார் மேலும் படாத வெறுங்குச்சி ஒன்றையும் உடன் சோதிப்போம். முதல் தொகுதியில் அந்த வெறுங்குச்சியிலும் பாக்டீரியா தெரிந்தது. டிஎன்ஏவைப் பிரிக்க நாங்கள் பயன்படுத்திய கரைசலிலேயே அது கலந்திருந்ததால், இரண்டு மாத உழைப்பைத் தூக்கிப் போட்டோம். வலித்தது, ஆனாலும் பொய்யான முடிவை எழுதாமல் தப்பினோம். ஆரோக்கியமான தோலில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஆரியஸைக் கொல்லும் பொருளைத் தாமே சுரக்கின்றன; பாப்பாவைப் போன்றவர்களின் தோலில் அவை குறைந்துபோவது ஏன் என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே குளிர்காலத்தில், வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுக் காற்று காய்வதால் குழந்தைகளுக்கு நோய் முற்றுகிறது. சேலத்திலோ வியர்வைதான் பகை. ஏற்காட்டில் பெரியப்பா வீட்டில் தங்கிய பத்து நாளும் பாப்பா நன்றாக உறங்கியது அதனால்தான் என்று எண்ணுகிறேன். குளிப்பாட்டும்போது காரமான சோப்பு வேண்டாம். துடைத்த ஈரம் காய்வதற்குள் களிம்பைத் தாராளமாகப் பூசச் சொல்லுங்கள். டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம். நீர் கசியும் புண்ணை மட்டும் உடனே அவரிடம் காட்டிவிடுங்கள்.

அக்காவுக்கு இது ஆறாம் மாதம். ஆசைப்பட்டுக் கேட்கிறாளாம், எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக் கொடுங்கள் அம்மா.

உங்கள் அன்பு மகள்